முதல் திரி ஏற்றும் முன்: வாசகர் கேள்விகள்

இந்த ஆண்டு (2025) நவம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை திருவருகைக்காலம், அதாவது கிறிஸ்து பிறப்புக்கு முந்தின நான்கு ஞாயிறுகள் கொண்ட காத்திருப்புக் காலம், தொடங்குகிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். முப்பத்தோரு வருடம் மறைக்கல்வி வகுப்பு எடுத்தவள் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன். படித்துத் தெரிந்துகொண்டது கொஞ்சம். நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுக் கூடத்தில் செய்து பார்த்து, விட்டு, மறுபடி செய்து தெரிந்துகொண்டதுதான் அதிகம்.

டீச்சர், ஒவ்வொரு வருடமும் திருவருகைக்காலத்தைப் பெரிதாகத் தொடங்குகிறோம். தினமும் செபமாலை, விவிலியம், பாட்டு என்று எல்லாம் உண்டு. இரண்டாவது வாரத்தில் நின்றுவிடுகிறது. வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. மகள் பத்தாவது, மகன் நான்காவது. நடுவில் அரையாண்டுத் தேர்வு வேறு. எப்படித்தான் தொடர்வது?
ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர்

அம்மா, இது எங்கள் வீட்டிலும் நடந்ததுதான். நான் கல்யாணமாகி வந்த புதிதில், மாமனார் எட்டு மணிக்கு எல்லாரையும் முழங்காலில் நிறுத்துவார். செபமாலையின் ஐம்பத்து மூன்று மணிகளையும் உருட்டிச் சொல்லும் செபம், மாதா பிரார்த்தனை, அப்புறம் இறந்தவர்களுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, பரீட்சைக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பரலோக மந்திரம். முக்கால் மணி நேரம் ஆகும். அவருக்கு அது தேன். பத்து ‘அருள் நிறைந்த மரியே’ சேர்ந்தது செபமாலையில் ஒரு பத்து; பிள்ளைகள் மூன்றாவது பத்திலேயே சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவார்கள். அவர் காலமானதும் ஒரே மாதத்தில் அந்தச் செபம் நின்றுபோனது. அவரைக் குறை சொல்லவில்லை. அவர் ஒருவரால் மட்டுமே தூக்க முடிந்த பாரம் அது. அவர் போனபின் தூக்க ஆளில்லை.

நான்கைந்து வருடம் கழித்து மறுபடி தொடங்கினேன். ஏழு நிமிடம் போதும் என்று வைத்துக்கொண்டேன். நேரம், ராத்திரிச் சாப்பாடு முடிந்து தட்டை எடுப்பதற்கு முன்னால். எட்டு மணி என்று கடிகாரத்தை வைத்துச் சொன்னால், எட்டேகாலுக்கு “சரி, இன்றைக்குப் போகட்டும்” என்று ஆகிவிடும். சாப்பாடு எந்த நேரத்தில் முடிந்தாலும் முடியத்தான் போகிறது. நடுவில் யாரும் எழுந்து போகக் கூடாது என்பது ஒன்றுதான் சட்டம்.

என்ன வாசிப்பது? லூக்கா நற்செய்தியில் 24 அதிகாரங்கள். டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கி நாளுக்கு ஒன்றாக வாசித்தால், கிறிஸ்து பிறப்புக்கு முந்தின நாள் முடிந்துவிடும். ஆனால் முதல் அதிகாரமே 80 வசனம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு அதை முழுதாக வாசிக்க வேண்டாம். பகலில் நீங்கள் அதிகாரம் முழுவதையும் படித்துவிடுங்கள். அதில் எட்டு, பத்து வரிக்குப் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். ராத்திரி அதை மட்டும் சின்னவன் வாசிக்கட்டும். தடுமாறுவான். திருத்தாதீர்கள். வாசிப்பது தன் வேலை என்று அவனுக்குப் பிடிபட்டுவிட்டால், நீங்கள் மறந்தாலும் அவன் ஞாபகப்படுத்துவான்.

முதல் அதிகாரத்தில் சக்கரியா கதையை மட்டும் விட்டுவிடாதீர்கள். வானதூதர் சொன்னதை நம்பாததால் அவருக்குப் பேச்சு போய்விடுகிறது. குழந்தை பிறந்து, பலகையில் ‘யோவான்’ என்று பெயரை எழுதிய பிறகுதான் வாய் திறக்கிறது. மறைக்கல்வி வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு, “நாமும் ஐந்து நிமிடம் சக்கரியா மாதிரி இருக்கலாமா?” என்று கேட்பேன். இரண்டு நிமிடம் தாங்காது. “இத்தனை மாசம் எப்படி டீச்சர் இருந்தார்?” என்று கேட்பார்கள். காத்திருப்பது என்றால் என்னவென்று அந்தக் கேள்வியில்தான் அவர்களுக்குப் புரியத் தொடங்கும். நான் விளக்கிச் சொன்ன எதுவும் அந்த அளவுக்கு உள்ளே போனதில்லை.

வாசித்த பிறகு செபமாலையில் ஒரே ஒரு பத்து. அப்புறம் ஒவ்வொருவரும் ஒரு பெயர் சொல்ல வேண்டும், இன்றைக்கு யாருக்காகச் செபிக்கிறோம் என்று. எங்கள் இளையவன் ஒரு வாரம் முழுக்கத் தெரு நாயின் பெயரைச் சொன்னான். அவன் அப்பா முறைத்தார், நான் தடுக்கவில்லை. அடுத்த வாரம் அந்த நாய்க்குச் சோறு வைக்கிற கோடி வீட்டுப் பாட்டியின் பெயரைச் சொன்னான். அந்த அம்மாள் தனியாக இருக்கிறார் என்பதே எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்.

வீட்டுக்காரர் விஷயம். மதிய ஷிப்ட் முடித்து ராத்திரி பத்தரைக்கு வருகிறவருக்காகப் பிள்ளைகளை எழுப்பி வைக்காதீர்கள். அன்றைக்கு வாசித்த பக்கத்தில் அடையாளம் வைத்து, விவிலியத்தை அவர் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். அந்தப் பத்து வரியை வாசித்து, ஒரு பரலோக மந்திரம் சொல்லிவிட்டு அவர் சாப்பிடட்டும். காலை ஷிப்ட் வாரத்தில் எல்லாரும் சேர்ந்துகொள்ளலாம்.

விட்டுப்போன நாளை மறுநாள் சேர்த்துச் செய்யாதீர்கள். செபம் கடன் பாக்கியாக மாறினால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். ஐந்தாம் அதிகாரம் விட்டுப்போனால் போகட்டும், ஆறாம் தேதி ஆறாம் அதிகாரம்.

திருவருகைக்கால வளையம் எங்கே கிடைக்கும்? இது நம் சபைப் பழக்கம்தானா, இல்லை வெளிநாட்டு ஃபேஷனா?
இளம் தம்பதி, லாஸ்பேட்டை

பச்சைத் தழை வட்டத்தில் நான்கு மெழுகுதிரி நட்டு, ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றுகிற இந்த வளையம் வெளிநாட்டிலிருந்து வந்ததுதான். அதுவும் முதலில் கத்தோலிக்கருடையது அல்ல. 1839-ல் ஜெர்மனியில், ஹாம்பர்க் நகரத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிஷ் விகேர்ன் என்ற லூத்தரன் சபைப் போதகர் தொடங்கிவைத்தார். எத்தனை நாள் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிய, ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளைத் திரிகளும் வார நாட்களுக்குச் சின்னச் சிவப்புத் திரிகளுமாக ஒரு சக்கரத்தில் வைத்து ஏற்றினார். கத்தோலிக்கர் அதைப் பிற்பாடு எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளுக்காகப் பிறந்த பழக்கம், அதனால் வீட்டுக்கு நன்றாகப் பொருந்துகிறது.

கடையில் தேடாதீர்கள். குளிர்நாட்டில் வாடாத பைன் இலையைச் சுற்றுவார்கள். நம் கடற்கரை ஓரமெல்லாம் சவுக்குத் தோப்பு. சவுக்குத் தழை பார்ப்பதற்கும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் மணல் பரப்பி, நான்கு திரி நட்டு, சுற்றிலும் சவுக்குத் தழை வையுங்கள். சவுக்கு சீக்கிரம் காய்ந்து தீப்பிடிக்கும். வாரம் ஒருமுறை மாற்றுங்கள், திரியை எரியவிட்டு எழுந்து போகாதீர்கள். மூன்று திரி ஊதா, ஒன்று ரோஜா நிறம். ரோஜா நிறத்தை மூன்றாவது ஞாயிறு ஏற்ற வேண்டும், இந்த வருடம் அது டிசம்பர் 14. நிறத் திரி கிடைக்காவிட்டால் வெள்ளைத் திரியின் அடியில் நிற ரிப்பன் கட்டினால் போதும்.

போன வருடம் எங்கள் வளையத்துக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மறுநாள் திருவருகைக்கால முதல் ஞாயிறு. தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்டு இல்லை, பூசைக்குப் போக வழியில்லை. கீழ் வீட்டில் தண்ணீர் ஏறி, அவர்கள் இரண்டு பிள்ளைகளோடு மாடிக்கு எங்களிடம் வந்துவிட்டார்கள். முருக பக்தர்கள், அந்த வீட்டு ஐயா வருடா வருடம் மயிலம் போகிறவர். டார்ச் லைட் மத்தியானமே உயிரை விட்டுவிட்டது. இருந்தது வளையத்தில் நட்ட நான்கு திரிதான். முதல் ஞாயிறு ஒன்றுதான் ஏற்ற வேண்டும். நான்கையும் ஏற்றினேன். அடுப்படியில் ஒன்று, குளியலறைப் பக்கம் ஒன்று, மாடிப்படியில் ஒன்று, பிள்ளைகள் படுத்த அறையில் ஒன்று. இரண்டாவது ஞாயிறு, எரிந்து கட்டையான அந்தத் துண்டுகளையே திரும்ப மணலில் நட்டோம். புதிதாக வாங்க எனக்கு மனம் வரவில்லை.

போன வாரம் கீழ் வீட்டுப் பெண் படியேறி வந்து, “அக்கா, வளையம் எப்போ கட்டறீங்க? தழை நான் கொண்டுவரேன்” என்றாள்.

தவக்காலம் போலத் திருவருகைக்காலத்திலும் கறி, மீன் விட வேண்டுமா? கல்யாணம் வைக்கலாமா?
ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

கட்டாய நோன்பு இல்லை. 1983-ஆம் ஆண்டு வந்த திருச்சபைச் சட்டப்படி எல்லா வெள்ளிக்கிழமைகளும் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமும்தான் ஒறுத்தல் நாட்கள், அதாவது நம்மை நாமே அடக்கிக்கொள்ளும் நாட்கள். பழைய காலத்தில் இதுவும் நோன்புக் காலமாகத்தான் இருந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் இன்றைய பிரான்ஸ் நாட்டுத் தூர் நகர ஆயர், நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாள் முதல் கிறிஸ்துமஸ் வரை வாரம் மூன்று நாள் நோன்பு என்று வைத்தார். இப்போதும் ஊதா உடுப்பு உண்டு, பூசையில் ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாட்டு கிடையாது. ஆனால் தவக்காலத்தில் பாடாத அல்லேலூயாவை இப்போது பாடுகிறோம். அந்த வித்தியாசத்தை வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். அடக்கம் உண்டு, துக்கம் இல்லை. நம் ஊர்க் கிறிஸ்துமஸ் கேக்கான விவிக்கத்துக்கு உலர்பழத்தை ரம்மில் ஊறப்போடுகிறவர்கள் தாராளமாகப் போடலாம். 24 வரை எடுத்துத் தின்னாமல் இருப்பதே நல்ல ஒறுத்தல். கல்யாணத் தேதியை உங்கள் பங்குத்தந்தையிடம் கேளுங்கள்.

எனக்கு வயது 78. சின்ன வயதில் கற்ற செபங்களைத்தான் இன்றும் சொல்கிறேன். வானதூதரைச் சம்மனசு என்றும் தூய ஆவியை இஸ்பிரீத்து சாந்து என்றும் சொன்னால் பேத்தி சிரிக்கிறாள். குடும்ப செபத்தில் நான் புதியதுக்கு மாற வேண்டுமா?
ஒரு பெரியவர், அரியாங்குப்பம்

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எங்கள் அம்மாவும் கடைசி மூச்சு வரை “பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க” என்றுதான் சொன்னார்கள்.

எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது, அதே செபத்தின் இன்றைய வடிவமான “அருள் நிறைந்த மரியே” என்றே சொல்லுங்கள். குரல்கள் ஒன்றாகப் போக வேண்டும். ஆனால் உங்கள் செபத்தை விட்டுவிடாதீர்கள். தினம் ஒரு சொல்லைப் பேத்திக்கு விளக்குங்கள். ‘இஸ்பிரீத்து சாந்து’ போர்த்துக்கீசியர் வாயிலிருந்து வந்த சொல், தூய ஆவிக்கு அவர்கள் மொழியில் உள்ள பெயர். நம் முன்னோர் அந்தச் சொல்லால்தான் ஞானஸ்நானம் வாங்கினார்கள். ‘பிரியதத்தம்’ இன்னும் அழகு. தத்தம் என்றால் கொடுத்தது. பிரியத்தோடு கொடுத்தது பிரியதத்தம். அருள் என்றால் என்னவென்று நான் வகுப்பில் எத்தனையோ வருடம் விளக்கினேன். அந்த ஒரு பழைய சொல்லுக்குள்ளேயே விளக்கம் இருக்கிறது என்று ஓய்வு பெற்ற பிறகுதான் கவனித்தேன்.

இந்தக் காலத்துக்கு மூவேளை செபத்தை விடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. வானதூதர் மரியாவிடம் வந்த நேரத்தைக் காலை, மதியம், மாலை என்று மூன்று முறை நினைப்பது அது. மாலையில் கோயில் மணி அடித்ததும் பேத்தியைக் கூப்பிட்டு, நீங்கள் பழையதில் முதல் பாதியைச் சொல்லுங்கள், அவள் புதியதில் மறுபாதியைச் சொல்லட்டும். முதல் இரண்டு நாள் சிரிப்பாள், சிரிக்கட்டும்.

மகனும் மருமகளும் பாரிஸில். பேரனுக்கு ஆறு வயது. சேர்ந்து செபிக்க ஆசை. இங்கே ராத்திரி எட்டு என்றால் அங்கே மாலை மூன்றரை, பள்ளியில் இருக்கிறான். அவனுக்கு நாளுக்கு ஒரு சாக்லேட் எடுக்கிற காலண்டர் வேறு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அது சரியா?
ஒரு பாட்டி, முத்தியால்பேட்டை

சாக்லேட் இருக்கட்டும் அம்மா. நாளுக்கு ஒன்றுதான், நாளைக்கு உள்ளதை இன்றைக்கு எடுக்கக் கூடாது என்று ஆறு வயதில் கற்றுக்கொள்வது சின்ன விஷயமா? காலண்டரில் அன்றைய சின்னக் கதவைத் திறக்குமுன் ஒரு ‘அருள் நிறைந்த’ சொல்லச் சொல்லுங்கள், தமிழில். அது நீங்கள் கொடுக்கும் சீர்.

தினமும் நேரம் ஒத்துவராது. நான்கு ஞாயிறு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ராத்திரி எட்டரை, அங்கே மாலை நான்கு. இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் திரி ஏற்றி, வீடியோவில் ஒரு பத்து சொல்லுங்கள்.

டிசம்பர் 17 முதல் 23 வரை ஏழு நாளும் திருச்சபை மாலைச் செபத்தில் மெசியாவை ஏழு பெயர்களால் அழைக்கிறது. ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. நாளுக்கு ஒரு பெயரை உங்கள் குரலில் பதிந்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அங்கே கோயிலில் அதே பெயர்களைப் பிரெஞ்சில் கேட்பான். இங்கே மார்கழி பிறந்து, அக்கம்பக்கத்தில் விடிகாலையே எழுந்து கோலம் போடுகிற நாட்களும் அவைதான். தெருவே விழித்திருக்கும்போது நீங்களும் எழுந்து பதிவு செய்யலாம், வண்டிச் சத்தம் இருக்காது.

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் குழந்தை இயேசு சுரூபத்தை முதலிலேயே வைக்கலாமா, 24 ராத்திரிதான் வைக்க வேண்டுமா?
பிளஸ் ஒன் மாணவன், ரெட்டியார்பாளையம்

24 ராத்திரிதான், தம்பி. பூசை முடிந்து வந்து, வீட்டில் ஆகச் சின்னவர் கையால் வைப்பது எங்கள் வழக்கம். அதுவரை குழந்தையைக் கிடத்தும் தீவனத் தொட்டி காலியாக இருக்கட்டும். வருகிறவர்கள் “குழந்தையைக் காணோமே” என்று கேட்டால் நல்லது. பாகூர் பக்கம் அறுவடை செய்கிறவர்கள் யாராவது தெரிந்திருந்தால் ஒரு பிடி வைக்கோல் வாங்கி வை. நல்ல காரியம் ஒன்று செய்தால் ஒரு வைக்கோலை யாருக்கும் சொல்லாமல் தொட்டியில் போட வேண்டும். இது ஐரோப்பியப் பிள்ளைகளின் பழைய வழக்கம். உன் தங்கை தம்பிகளோடு செய்து பார். 24 ராத்திரி மெத்தை எவ்வளவு உயரம் என்று தெரிந்துவிடும்.

ஜூலை மாதம் என் கணவர் இறந்துவிட்டார். துக்க வருடம், நட்சத்திரம் கட்டக் கூடாது என்கிறார்கள் உறவினர்கள். எனக்கும் மனமில்லை. ஆனால் மூன்றாவது ஞாயிறு பூசைத் தொடக்கத்தில் ‘மகிழுங்கள்’ என்று பல்லவி வரும்போது கோயிலில் உட்கார என்னால் முடியுமா என்று தெரியவில்லை. வீட்டில் செபம் சொல்ல உட்கார்ந்தால் அழுகைதான் வருகிறது.
ஒரு வாசகி, மஞ்சக்குப்பம்

தங்கச்சி, நானும் அந்த வருடத்தைக் கடந்து வந்தவள். ஒன்பது வருடம் ஆகிறது. நானும் நட்சத்திரம் கட்டவில்லை. கட்டாதது பாவமும் இல்லை, கட்டினால் போனவருக்கு அவமரியாதையும் இல்லை. உறவினர்கள் சொல்வது ஊர் வழக்கம், திருச்சபைச் சட்டம் அல்ல. உங்களுக்கு எது தாங்குமோ அதைச் செய்யுங்கள்.

பவுல் அடியார் பிலிப்பியருக்கு ‘மகிழுங்கள்’ என்று எழுதியது சிறையில் இருந்துகொண்டு. பண்டிகை வீட்டில் உட்கார்ந்து எழுதவில்லை. எனக்கு அந்த வருடம் அது ஒன்றுதான் அந்தச் சொல்லைக் காதில் வாங்க முடிந்த காரணம்.

லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் அன்னா என்று ஒரு கிழவி வருகிறார், கவனித்திருக்கிறீர்களா? ஏழே வருடம் கணவரோடு வாழ்ந்தவர். கைம்பெண்ணாகி, வயது எண்பத்து நான்கு ஆகியும் கோயிலை விட்டு நீங்காமல் இருக்கிறார். குழந்தை இயேசுவைக் கோயிலுக்குக் கொண்டுவந்த அன்று, கூட்டத்தில் அடையாளம் கண்டுகொண்டவர்களில் அவர் ஒருவர். இத்தனை வருடத்தில் அவர் எத்தனை ராத்திரி அழுதிருப்பார் என்று லூக்கா எழுதவில்லை. நான் அந்த வருடம் டிசம்பர் முழுக்க வேறெதுவும் வாசிக்கவில்லை, அந்த மூன்று வசனங்களை மட்டும்தான்.

அழுகை வந்தால் வரட்டும். செபம் சொல்ல வேண்டாம். திரியை மட்டும் ஏற்றிவிட்டு, அது எரிகிற வரை பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் வீட்டுக்காரர் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள், அது போதும். முடிந்தால் உங்கள் அன்பியத்தில், அதாவது பக்கத்துக் குடும்பங்கள் கூடும் செபக் குழுவில், ஒருவரிடம் மட்டும், வாரம் ஒருநாள் கூட வந்து உட்காரச் சொல்லிக் கேளுங்கள். பேச வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

டிசம்பர் 8, திங்கட்கிழமை, அமல உற்பவ மாதா திருநாள். புதுச்சேரி மிஷன் வீதியில் சம்பா கோயிலுக்கு அதுதான் பெருநாள், கூட்டம் அதிகமாக இருக்கும். கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்துவிடலாம். மாலைப் பூசைக்குப் பெண்கள் பக்கம் முன்னாலிருந்து மூன்றாவது வரிசையில், ஊதாக் கரை போட்ட வெள்ளைச் சேலையில் இருப்பேன். பக்கத்து இடத்தில் என் பையை வைத்திருப்பேன். நீங்கள் வந்ததும் எடுத்துவிடுகிறேன்.